அண்ணன் வாசித்த கியூபெக் மெட்டு

ஜூன் 10, செவ்வாய்

காலையிலிருந்து மழை. மவுண்ட் ஆல்பர்ட்டில் ரயில் பிந்தியது. சப்பாத்துக்குள் தண்ணீர்.

மொன்றியலில் இருந்து அண்ணன் போன் எடுத்தார். சீனி வருத்தம் முற்றிவிட்டது. வெள்ளிக்கிழமை வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்கிறார்களாம். சொல்லிவிட்டு உடனே வயலின் கதை. அங்கே போன புதிதில் கீழ்வீட்டுப் பிரெஞ்சுக் கிழவர் பழக்கிய மெட்டு ஒன்று. அதன் பதிவுகளைத் தேடிச் சேர்க்கிற ஒரு பெண், அண்ணன் வாசிப்பதையும் பதிந்து தரச்சொல்லிக் கேட்டிருக்கிறாவாம்.

"ஒப்பரேசனுக்கு முதல் வாசிச்சு உனக்கு அனுப்புறன். குசினியில பிரிட்ஜ் இரையும். அதை மட்டும் எடுத்து விடு."

வருகிறேன் என்று நான் சொல்லவில்லை. வா என்று அவரும் கேட்கவில்லை.

ஜூன் 11, புதன்

மழை. வாங்க: பாண், பரசிட்டமோல், குடை.

இணையத்தில் அந்த மெட்டின் பழைய பதிவுகள். பூர்வீகம் ஒருவருக்கும் தெரியாது. அயர்லாந்துக் கப்பலில் வந்தது என்கிறார்கள். இல்லை, மரம் வெட்டும் முகாமில் பிறந்தது என்கிறார்கள். ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு வாசிப்பு. எல்லாவற்றிலும் அடியில் டக்டக், டக்டக். தேய்ந்த இசைத்தட்டு, பாவம்.

ஆதி தாளம் போட்டுப் பார்த்தேன். ஓர் அடி மிஞ்சுகிறது. அண்ணனிடம் சொன்னேன். "அது அப்பிடித்தான். திருத்த வெளிக்கிடாதை."

ஜூன் 13, வெள்ளி

அண்ணனின் பதிவு வந்தது. அங்கே இன்னும் வியாழன். பிரிட்ஜ் இரைச்சல், இதிலும் டக்டக். மகள் கணினியில் காட்டித் தந்தாள். "டாட், தட்ஸ் நொய்ஸ் டூ." இரண்டையும் எடுத்தோம். வயலின் மட்டும், கழுவி வைத்த கோப்பை மாதிரி. கொஞ்சம் பெருமை. அண்ணனுக்கு அனுப்பினேன். இரைச்சலோடு வந்த பதிவை அழித்தேன். இனி எதற்கு.

ஜூன் 15, ஞாயிறு

அண்ணி போன் எடுத்தா. கால் எடுத்தாயிற்று. கஞ்சி குடித்தாராம். குளியலறையைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

ஜூன் 17, செவ்வாய்

மழை விடவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன். நான் அனுப்பியதைக் கேட்டாராம்.

"தம்பி, அந்த டக்டக் என்ர கால். கதிரையில இருந்து ரெண்டு காலாலயும் நிலத்தில தட்டித்தான் அந்தச் சனம் வாசிக்கிறது. கிழவர் முதல் பழக்கினதே அதைத்தான்."

நாங்கள் நிலத்தில் சப்பணம் கட்டி இருந்து படித்தவர்கள். வயலினின் தலை வலது காலில் சாய்ந்திருக்கும். கால் அசைந்தால் வாத்தியார் அடிப்பார். இருவரும் வாங்கியிருக்கிறோம். அது கால் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பழையது இருக்கிறதா என்று கேட்டேன். துப்புரவாக்கியது வந்ததும் அண்ணி அழித்துவிட்டாவாம். என்னிடமும் இல்லை என்றேன். திரும்ப வாசிக்கலாம் என்று வாய்வரை வந்தது. நல்லகாலம், சொல்லவில்லை.

அண்ணன் சிரித்தார். "டொக்டர் ஒரு காலைத்தான் எடுத்தவர். நீ ரெண்டையும் எடுத்துப்போட்டாய்."