தாகம் அறியாத குதிரைகள்

வாழி! மழை தவறாத மலைகளை உடைய குன்றவாயில் நாட்டின் அரியணை அமர்ந்து, மக்களும் மாவும் தழைக்க ஆளும் பெருந்தேவி நீலவண்ணையார் திருவாய் மலர்ந்தபடி, ஓலைநாயகம் சாத்தன் பூதி எழுதியது. வடகோட்டைப் பரிப்படைத் தலைவர் விடங்கவேளார் கண்டு தெளிக. உமது கோட்டைக்கு நலம் உண்டாகுக. உமது அறிவுக்கும் சற்றே உண்டாகுக.

உமது ஓலை வந்தது. முதுகுவரைப் பாதையை ஒரே பகலில் கடந்ததாகவும், சாவடிதோறும் குதிரை மாற்றியதாகவும், பாதை பழுதற்றது என்பதால் படை புறப்பட ஆணை வேண்டும் என்றும் எழுதியிருந்தீர். தேவியார் அதே பாதையில் கிழட்டுக் குதிரை மேல் நாள்கணக்கில் ஊர்ந்ததைச் சொல்லி, உம் பாசறையில் 'ஆமை அரசி' என்று சிரிக்கிறார்கள் என்பதையும், அரண்மனையின் பெருமை கருதித் தெரிவித்திருந்தீர். தேவியாரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நீர் நேரில் காணாதது உமது நல்வினை.

ஊர்ந்து போகும் இன்பம் உமக்கு எங்கே விளங்கும்! கடிவாளத்தைத் தளர விட்டு, குதிரை புல் கண்டு நின்றால் தாமும் நின்று, எதிர்ப்படும் இடையரோடு அவர்கள் நடைக்கே பேசிச் செல்லும் சுகம் அரியணையில் இல்லை என்று தேவியார் அருளினார். உமக்கோ பாதை என்பது இரண்டு இலாயங்களுக்கு நடுவே பறக்கும் புழுதி.

கேளும். அந்தப் பாதையில் உள்ள கருநொச்சிச் சுனையில், பகலெல்லாம் நடந்த தாகத்தோடு வாய் வைத்த தேவியாரின் குதிரை மூக்கைச் சுளித்து விலகிவிட்டது. கோடையில் அந்தத் தண்ணீர் கெட்டுப்போகும், குடித்த மாடு வயிறு ஊதிச் சாகும் என்று அங்கே ஆடு மேய்த்த பெண்கள் சொன்னார்கள். மலை இறங்கும்வரை பாதையோரத்தில் வேறு சுனையும் இல்லை. பெரும்படைக்குச் சாவடிதோறும் மாற்றுக் குதிரை தருவது யார்? உமது சொல்லை நம்பியிருந்தால் படையில் பாதி அங்கேயே மடிந்திருக்கும். நீர் பொய் சொல்லவில்லை, வேளாரே. உமக்குக் கீழே எந்தக் குதிரையும் தாகம் எடுக்கும்வரை இருந்ததில்லை, அவ்வளவுதான்.

ஆகவே ஆணை: படை புறப்படலாகாது. இவ்வோலையோடு வரும் தேவியாரின் அதே குதிரை மேல், வேறு குதிரை மாற்றாமல், மெதுநடையில் தனியே சென்று, பாதையை விட்டு விலகியேனும் படைக்கு உதவும் நல்ல சுனை கண்டு மீள்க. வாளை எடுத்துச் செல்லலாம். சவுக்கை இவ்வோலை கொணரும் எம் ஆளிடம் ஒப்படைக்க. இதற்கு அரச இலச்சினை சாட்சி. படைத்தலைமை உம்மிடம் நிற்குமா என்பதை, திரும்பி வரும் குதிரையின் முதுகில் புண் உண்டா என்று பார்த்துத் தேவியார் முடிவு செய்வார்.