சரியாகச் சொன்னால் ஓடலாம்

என் செல்லக் கண்ணுவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சௌக்கியம், என் முழங்கால் மட்டும் கொஞ்சம் முறைத்துக்கொண்டிருக்கிறது. நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்பாதீங்க என்கிறாள் உன் அம்மா.

விஷயம் என்னவென்றால், விளையாட்டு வாத்தியாரான உன் அப்பன் இப்போது கணக்கு வாத்தியார். சிரிக்காதே. கணக்கு டீச்சர் பிரசவ விடுப்பில் போனதும் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, இத்தனை வருஷம் உங்க பீரியடை எல்லாம் அவங்க வாங்கிட்டாங்க, இப்ப அவங்க பீரியடை நீங்க வாங்கிக்கோங்க சார் என்று எட்டாம் வகுப்பு சி பிரிவை என் தலையில் கட்டிவிட்டார். அதுகளிடம் கேள்வி கேட்டால் சுவர்கூடப் பதில் சொல்லிவிடும், அதுகள் சொல்லாது. பாதி ஜன்னலைப் பார்க்கும், மீதி தூங்கும். ஜன்னலோரம் நெட்டைக்கொக்கு என்று ஒரு பெண், வருஷம் பூரா வாயே திறக்கவில்லை. அவள் அம்மா இஸ்திரிக் கடைக்காரி, படிப்பு ஏறாத பிள்ளை கடையில் கூடமாட இருக்கட்டும், சீக்கிரம் வந்து டி.சி. வாங்கிக்கிறேன் என்று சொல்லியனுப்பியிருந்தாள்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் விசில்தான். தப்பாகச் சொன்னால் மைதானத்தைச் சுற்றி ஓடணும் என்று ஊதினேன். அவ்வளவுதான், மொத்த வகுப்பும் முண்டியடித்துக்கொண்டு கை தூக்கியது. அரையும் காலும் சேர்ந்தால் எவ்வளவு என்றேன், ஒருத்தன் எருமைமாடு என்று சொல்லிவிட்டு விசிலுக்குக்கூடக் காத்திராமல் ஓடிவிட்டான். கடைசியில் நானும் கரும்பலகையும்தான் மிச்சம். உன் அம்மா கேட்டுவிட்டு, உங்களை ஏமாத்த எட்டாம் கிளாஸ் எதுக்குங்க, பாலர் வகுப்பே போதுமே என்றாள். ரோஷம் வந்து மறுநாள் சட்டத்தைத் திருப்பிப் போட்டேன், சரியாகச் சொன்னால்தான் ஓடலாம். அன்றைக்கு ஓடியதெல்லாம் முதல் ரேங்க் பெண் மட்டுந்தான், பாவம், வேற யாரையாச்சும் கேளுங்க சார், செத்துருவேன் என்று மூச்சு வாங்கினாள். அப்புறம் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள இடைவேளையில் மற்றதுகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டாள், நானும் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டேன், பின்னம் எனக்கே இப்போதுதான் பிடிபட்டது.

நேற்று அந்த இஸ்திரிக் கடை அம்மா வந்தேவிட்டாள், வாசலில் நின்று மகளைக் கூப்பிட்டாள். அந்த நேரம் பார்த்து நெட்டைக்கொக்கு எழுந்து விடையைச் சொன்னாள் கண்ணு, சரியான விடை, புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருட்டுத்தனமாகப் புரட்டிச் சரிபார்த்தேன். ஓடும்மா என்று விசிலை வாயில் வைத்தால் அவள் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த கணக்கைப் போடுங்க சார், அப்புறமா மொத்தமா ஓடிக்கிறேன் என்றாள். அம்மாவிடமும், இரும்மா, இது முடியட்டும் என்றாள். வாயில் வைத்த விசிலில் வெறும் காற்றுதான் வந்தது. மணி அடிக்கும்வரை நின்ற அந்த அம்மா, கூப்பிட்டா வராம இருக்கறது வீட்டுல தினமும் நடக்கறதுதான் சார், கணக்குக்காக வராம இருந்தது இன்னிக்குத்தான், பரீட்சை வரைக்கும் பாப்போம் என்று டி.சி. கேட்காமலே போய்விட்டாள்.

நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுசோடு நன்றாக இரு. எந்நேரமும் போனைப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, ஆனால் ஞாயிற்றுக்கிழமை அதே போனில் என்னைக் கூப்பிட மறந்துவிடாதே. திங்கட்கிழமை இயற்கணிதம் ஆரம்பம், புத்தகம் பூரா எக்ஸ் எக்ஸ் என்று போட்டிருக்கிறான், அது யாரென்றே எனக்குச் சத்தியமாகத் தெரியாது, நெட்டைக்கொக்கோ ஜன்னலோரத்தை விட்டு முதல் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

உன் அப்பா,
எட்டாம் வகுப்பு சி பிரிவு கணக்கு வாத்தியார் (தற்காலிகம்)