தனி லைன் போட்டாச்சுங்க, மாப்ளே

எனக்கு முன்னால் கிளம்பிப்போய், அங்கேயும் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டிருக்கும் என் அருமை மாப்பிள்ளை சண்முகத்துக்கு,

உங்கள் மச்சான் எழுதுகிறேன். அடுத்த மாதம் உங்களுக்கு முதல் வருஷத் திதி வருகிறது. நினைவு மலர் அச்சடிக்க வேண்டும் என்று உங்கள் மகள் கவிதா சொந்தக்காரர்களிடம் ஆளுக்கொரு பக்கம் எழுதி வாங்குகிறாள். உங்கள் தம்பி நடராஜுக்கு உங்கள் போட்டோ போட்ட முதல் பக்கம். எனக்குக் கடைசிக்கு முந்தின பக்கம். தகப்பன் இல்லாத பெண்ணுக்குத் தாய்மாமன்தானே முதலில்? சரி, நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சிறுபிள்ளைத்தனம் என்பீர்கள்.

ஒரு பக்கத்துக்குள் எழுதச் சொன்னாள். நான் எழுதினால் அது ஒரு பக்கத்தில் நிற்குமா? எட்டாம் வகுப்பில் நான் எழுதிய கட்டுரையைப் பார்த்துவிட்டு, இதற்கு மேல் இவனுக்குச் சொல்லிக்கொடுக்க எங்களிடம் ஒன்றுமில்லை என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். உங்களுக்குத் தெரியாததா.

ஊட்டு விஷயம் சொல்கிறேன். என் தங்கச்சி சரசு நன்றாக இருக்கிறாள். பனியனுக்குப் படம் வரைகிற உங்கள் வேலையைக் கவிதாவே எடுத்துச் செய்கிறாள். திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்கள் முன்பு உங்களிடம் வந்த மாதிரியே அவளிடமும் வருகிறார்கள். குடை பிடித்த யானைக்குட்டியை இப்போதும் கேட்கிறார்களாம். யானையை நேரில் பார்த்தே இராத ஏதோ தேசத்துக் குழந்தை, நீங்கள் கணபதி வீட்டில் உட்கார்ந்து வரைந்த யானையை வயிற்றில் போட்டுக்கொண்டு தவழ்கிறது. கோபியிலிருந்து சத்தி வரைக்கும் என் கை படாமல் ஓடின கிணற்று மோட்டார் ஒன்று கிடையாது. இருந்தும் எந்தக் குழந்தை என் மோட்டாரைச் சட்டையில் போட்டுக்கொண்டது?

ஆமாம் மாப்ளே, பொறாமைதான். நீங்கள் கம்ப்யூட்டர் வாங்கின வருஷத்திலிருந்தே. அதுவரைக்கும் டிவி படம் ஆடினாலும் ரேடியோ கரகரத்தாலும் சனம் என்னைத்தான் தேடி வரும். அப்புறம் என்னைப் பார்த்தாலே, "ஏனுங்க, உங்க மாப்ள ஊட்டுல கம்ப்யூட்டர் இருக்குதாமா?" என்று உங்களைப் பற்றித்தான் விசாரித்தார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் வரைந்துகொண்டிருந்த முன்னறைக் கம்ப்யூட்டர், நீங்கள் போன ஐந்தாறு மாதத்தில் ஒரு சத்தம் போட ஆரம்பித்தது. உள்ளே யாரோ விரல் நகத்தால் டக், டக் என்று தட்டுகிற மாதிரி. கவிதா பெங்களூருக்கு எஸ்.டி.டி. போட்டு நடராஜிடம் கேட்டாள். அவர்தான் கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய ஆள் ஆயிற்றே. ஹார்டு டிஸ்க் சாகப்போகிறது, அண்ணன் படங்களை எல்லாம் உடனே உள்ளறைச் சர்வருக்கு பேக்கப் எடுத்துவிடு, அது வரைக்கும் அந்த மெஷினை அணைக்கவே அணைக்காதே என்று சொன்னார்.

உள்ளறையில் நீங்கள் வைத்த அந்த இரண்டாவது பெட்டிதான் சர்வர். டிவி கிடையாது, கீபோர்டு கிடையாது, கறுப்பு வயர் ஒன்று மட்டும் முன்னறைக்கு ஓடும். பழைய படங்கள் அதில் பாதி இருந்தன. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டே கடைசி வருஷம் நீங்கள் வரைந்தீர்களே, அவை மட்டும் அதில் இல்லை. சாகப்போகிற டிஸ்கில் மட்டும்தான் இருந்தன.

செவ்வாய்க்கிழமை திருப்பூருக்கு வேலை கொடுத்து முடித்தால் புதன்தான் கவிதாவுக்கு மெஷின் ஓயும். அதனால் புதன்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு பேக்கப் போடுவாள். எல்லாப் படத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்புகிற புரோகிராம். முழுசாக முடிய மூன்று மணி நேரம். பாதியில் நின்றால் மூட்டையே செல்லாது. நின்றது. அடுத்த புதனும் நின்றது. சர்வரைக் காணோம் என்று கம்ப்யூட்டர் எழுதிக் காட்டும். எழுந்து போய்ப் பார்த்தால் சர்வர் சாதுவாக ஓடிக்கொண்டிருக்கும்.

நீங்கள் போன பிறகு நான் வாராவாரம் வருவதும் புதன்கிழமைதான். காலையில் கோபியில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குக் காந்திபுரம் வந்து கணபதி போய்விடலாம். சாயங்காலம் சரசு எனக்குச் சந்தகை செய்வாள். அரிசியை ஊறப்போட்டு, அரைத்து, வேகவைத்து, நூலாகப் பிழிந்து, தேங்காய்ப்பால் ஊற்றி. பிறந்த ஊட்டிலிருந்து அண்ணன் வந்தால் உப்புமா கிண்டுகிற வழக்கம் நம் பக்கம் கிடையாதே.

நான்காவது வாரம் நான் வந்தபோது கவிதா போனில் பேசிக்கொண்டிருந்தாள். நடராஜின் குரல் வெளியிலேயே கேட்டது.

"ஏங்கண்ணு, புதன்கிழமை மட்டும் நிக்குது, மச்சானும் புதன்கிழமைதான் வராருங்கிற. அவரு ஏதாச்சும் தொட்டுப்பாக்கறாரா?"

அவள் என்னைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இல்லீங் சித்தப்பா... சொல்ல முடியாதுங்."

சொல்ல முடியாதாம்! என்னையா? அன்றைக்கு முன்னறையில் நாற்காலியைப் போட்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"பாரு அம்மணி, மாமன் கையி எங்க இருக்குதுன்னு நல்லாப் பாத்துக்கோ. உங்க சித்தப்பனுக்கும் சொல்லிப்போடு."

"ஐயோ, கையெ எடுங்க மாமா. யாரும் உங்களெ ஒண்ணும் சொல்லலீங்."

"இது முடியற வரைக்கும் எடுக்க மாட்டேன்."

மூன்றரை மணிக்கு நின்றது. கை இரண்டும் மரத்துப்போனதுதான் மிச்சம்.

அடுத்த புதன் நடராஜே லீவு போட்டுவிட்டு பெங்களூரிலிருந்து வந்தார். தோளில் கறுப்புப் பை, உள்ளே விதவிதமான ஸ்குரூ டிரைவர். என்னுடையவை அதைவிட நீளம் என்பது வேறு விஷயம். கவிதா அவர் பின்னாலேயே நடந்தாள். "சித்தப்பா காப்பி, சித்தப்பா ஃபேன் போடட்டுங்களா" என்று ஒரே உபசாரம். நான் உள்ளறைக் கட்டிலில் உட்கார்ந்து அவர் குனிவதையும் நிமிர்வதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். வயரை மாற்றினார். இரண்டு முனையிலும் இருந்த மூடியை மாற்றினார். மறுபடி பேக்கப் போட்டார். அவர் பேசினதில் பாதி இங்கிலீஷ். முழுக்கப் புரிந்த மாதிரி நானும் தலையாட்டினேன்.

ரெண்டு விருந்தாளி வந்த நாள் என்று சரசு அன்றைக்கு அரிசியும் இரண்டு பங்கு ஊறவைத்திருந்தாள்.

மூன்றரை இருக்கும். சமையலறையில் கிரைண்டர் ஓடத் தொடங்கிய சத்தம். அதே நொடி என் தலைக்கு மேலே பல்பு ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தது. எனக்கு இரண்டடி தள்ளி சர்வர் மூச்சை நிறுத்தி, பீப் என்று ஒரு சின்னச் சத்தத்தோடு மறுபடி பிறந்தது. முன்னறையில் கவிதா, "சித்தப்பா, போச்சுங்!" என்று கத்தினாள். அந்த மெஷினுக்குக் கரண்ட் ஆடினாலும் தாங்குகிற யு.பி.எஸ். உண்டு, சர்வருக்குக் கிடையாது, அதனால் அங்கே இருந்த யாருக்கும் இது தெரிந்திருக்க வழியில்லை. சர்வர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான் ஒருத்தன்தான்.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது மாப்ளே. உங்களுக்கும் இந்நேரம் தெரிந்திருக்குமே?

சர்வர் வாங்கின அன்றைக்கு நீங்கள் என்னைக் கூப்பிட்டு, மீட்டர் போர்டிலிருந்து அதற்கு மட்டும் தனியாக ஒரு லைன் இழுத்துத் தரச் சொன்னீர்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "தம்பிதானுங் சொன்னான், தனி லைன் இருந்தாத்தான் நல்லதுன்னு" என்றீர்கள். அது என் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. நான் ஒயரிங் பண்ணாத வீடு எங்கள் தாலுகாவில் பாதிகூட இருக்காது. எனக்குப் பெங்களூரிலிருந்து ஒருத்தர் லைன் சொல்லித்தருவதா? நீங்கள் மத்தியானம் படுத்திருந்த நேரத்தில், சுவருக்கு அந்தப்பக்கம் சமையலறையில் ஓடிய கிரைண்டர் லைனிலிருந்தே ஓட்டை போட்டு இழுத்துவிட்டேன். கால் மணி நேர வேலை. எழுந்து வந்து கேட்டீர்கள். "தனி லைன் போட்டாச்சுங்க, மாப்ளே" என்றேன்.

நீங்கள் சோதித்துப் பார்க்கவில்லை. "மச்சான் கை வெச்சா அப்பீலே இல்லை" என்று அன்றைக்கு வந்தவர்களிடம் எல்லாம் சொன்னீர்கள். அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

முன்னறையில் நடராஜ் சொல்லிக்கொண்டிருந்தார். "வேற வழியில்லை கண்ணு. டிஸ்கைக் கழட்டி பெங்களூருக்குக் கொண்டுபோறேன். ஆனா ஒருக்கா நின்னா மறுபடி சுத்துமான்னு சொல்ல முடியாது. போனாலும் போயிருமுங்."

அந்த டக், டக் மட்டும் கேட்டது. அப்பன் கடைசியாகப் போட்ட படங்கள் அந்தச் சத்தத்துக்குள்தான் இருந்தன. நான் வாயைத் திறந்தால் அவை பிழைக்கும், என் பேர் போகும். ஒரு நிமிஷம் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு நிமிஷம் என்பது குறைத்துச் சொல்வது.

அப்புறம் சமையலறைக்குப் போய் கிரைண்டரை நிறுத்தினேன்.

"ஏனுங்ண்ணா, பாதி மாவுல நிறுத்திப்போட்டீங்க?" என்றாள் சரசு.

"இன்னைக்கு உப்புமா போதும் சரசு."

"உப்புமாவா? உங்களுக்கா? ஒடம்பு கிடம்பு சரியில்லைங்களா?"

முன்னறைக்கு வந்து, கிரைண்டர் போட்டால் சர்வர் செத்துப் பிழைக்கிறது, இப்போது மறுபடி போடுங்கள் என்றேன். நடராஜ் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அண்ணன் தனி லைன்னு சொன்னாருங்களே மச்சான்?"

"வெள்ளையடிக்க வந்தவனுக எவனோ மாத்திப்போட்டிருப்பானுங்க" என்றேன். நாக்கு கொஞ்சம்கூடப் பிசகவில்லை.

ஆறரை மணிக்கு பேக்கப் முடிந்தது. கவிதா சர்வரிலிருந்தே கடைசி வருஷத்துப் படங்களைத் திறந்து காட்டினாள். லுங்கி கட்டிக்கொண்டு மொபெட் ஓட்டுகிற தவளை ஒன்று. கால் கோடு நடுங்கியிருந்தது. சரசு சேலை முந்தானையைத் தூக்கி முகத்தில் வைத்துக்கொண்டு சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. "மாமா இல்லீன்னா போயிருக்குமுங்" என்று கவிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் காத்திருந்த பேச்சுதான். ஆனால் அது உள்ளே இறங்கவில்லை.

கிளம்பும்போது நடராஜ் வாசல் வரைக்கும் வந்தார். செருப்பைக்கூடப் போடாமல் தெருவில் இறங்கி நின்றார்.

"மச்சான், உங்களைச் சந்தேகப்பட்டுப்போட்டேனுங். போன்ல சொன்னது உங்க காதுலயும் விழுந்திருக்கும். தப்பா எடுத்துக்காதீங்க. மன்னிச்சுப்போடுங்க."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார் மாப்ளே! படித்தவர், பெங்களூர்க்காரர், உங்கள் சாயல் முகத்தில் வேறு. அத்தனைக்கும் பொறாமைப்பட்டு முடித்திருந்தேன். இது ஒன்று புதிதாகச் சேர்ந்தது. தப்பே செய்யாதவர் மன்னிப்பில் என்னை முந்திவிட்டார். நான் "அட, அதுக்கென்னங்க" என்று பெரிய மனுஷன் மாதிரி அவர் தோளைத் தட்டிவிட்டு பஸ் ஏறினேன். கோபி வரைக்கும் அந்தக் கை என்னோடது மாதிரியே இல்லை.

அதனால்தான் கேட்ட ஒரு பக்கத்துக்கு மேல் எழுதுகிறேன். வெள்ளையடிக்க வந்தவர்கள் பாவம், ஒரு பாவமும் அறியாதவர்கள். லைனைத் திருட்டுத்தனமாக இழுத்தவன் நான். சொந்தம் அத்தனையும் படிக்கிற மலரில் இது அச்சாகட்டும்.

உங்களுக்கு ஒரு வார்த்தை கொடுக்கிறேன். வருஷத்தன்றைக்கு மலர்க் கட்டைப் பிரித்ததும் முதல் பிரதியை எடுத்து, கடைசிக்கு முந்தின பக்கத்தைத் திறந்து, நடராஜ் கையில் நானே கொடுப்பேன். அவர் படித்து முடிக்கும் வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன், வாயே திறக்கமாட்டேன். என்னால் அது முடியுமா என்று அங்கே யாரிடமும் பந்தயம் கட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
சரஸ்வதிக்கு அண்ணன், கவிதாவுக்குத் தாய்மாமன்,
இன்றைக்கும் உங்களுக்கு மச்சான்,
வேலுச்சாமி