மாமா சொன்ன மாதிரி

அண்ணா,

நலம் விசாரிக்க மனமில்லை. நீங்கள் கொடுத்தனுப்பிய பழக்கூடை பிரிக்காமல் வாசலிலேயே கிடக்கிறது. எறும்பு மொய்க்கிறது.

என் மகன் போதை மாத்திரைகளோடு பிடிபட்ட அன்று நான் வக்கீலைத் தேடித்தான் கிளம்பினேன். நீங்கள் தடுத்தீர்கள். "வக்கீலோட போனா தப்பு பண்ணினவன்னு ஆயிடும்மா. முப்பது வருஷம் போலீஸ்ல குப்பை கொட்டினவன் சொல்றேன். எல்லாம் நம்ம பசங்கதான், உள்ளதைச் சொல்லச் சொல்லு."

உங்கள் பசங்கள் அவனுக்கு டீ வாங்கிக்கொடுத்து, முதுகைத் தட்டிக்கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள். தன் கூட்டாளிகள் இரண்டு பேருக்கும் மாத்திரையைத் தானே கொடுத்ததாகச் சொல்லிவிட்டான். உபயோகித்தவன் மேல் போட வேண்டிய வழக்கு, விற்றவன் மேல் போடும் வழக்காக மாறிவிட்டது. "வாயைத் திறக்காம இருந்திருந்தா இந்நேரம் ஜாமீன்ல வந்திருப்பான்மா" என்கிறார், இப்போது நான் அமர்த்தியிருக்கும் வக்கீல்.

உங்கள் பசங்களிடம் மறுபடியும் பேசிப் பார்ப்பதாக அண்ணியிடம் சொல்லியனுப்பினீர்களாம். யாரிடமும் பேச வேண்டாம்.

நேற்று கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அவன் கேட்டான்: "மாமா சொன்ன மாதிரியேதானேம்மா சொன்னேன்?"

பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். வியாழக்கிழமை பார்க்க விடுகிறார்கள். போங்கள்.

உங்கள் தங்கை