மணிக்கு அனுப்பின காசு

தானா ராத்தா
18.9.1979

அன்பு மகள் ஜெயாவுக்கு அம்மா எழுதுறது. நானும் உன் தம்பி தங்கராஜும் முருகன் புண்ணியத்துல சுகமா இருக்கோம், இங்கிலாந்துக் குளிர்ல நீயும் அப்படியே இருக்கணும். ஆஸ்பத்திரி வேலைக்கு வெறும் வயித்தோட போகாத, ரெண்டு ரொட்டியாவது தின்னுட்டுப் போ.

அப்பா பேரு வெட்டி நம்ம கோயிலுக்கு வெண்கல மணி வாங்கச் சொல்லி நீ அனுப்பின காசு வந்துச்சு. மணி வாங்கல. நம்ம மேல் லயத்து வீடுகள்லேர்ந்து ரோட்டுக்கு இறங்குற ஒத்தையடிப் பாதைய அகலமா வெட்டி சிமெண்டு போட்டுட்டோம், இப்ப வேன் வாசலுக்கே வருது. உனக்குக் கோபம் வரும், தெரியும். கேட்டு எழுதி நீ பதில் போடுறதுக்குள்ள மழை புடிச்சிருக்கும். கோயில் தலைவர் சாம்பசிவம் அண்ணன் ஒத்துக்கல, சாமியே சொல்லட்டும்னு பாதைக்கு வெள்ளைப் பூ, மணிக்குச் செவப்புப் பூன்னு பொட்டலம் கட்டிப் பாத்தாரு. செவப்புத்தான் வந்துச்சு. நான் விடுவேனா. இருக்குற மணி நல்லாத்தான் அடிக்குது, போன மாசம் சரோஜாவப் பிரசவ வலியோட பலகையில தூக்கிட்டு இறங்கி பாதி வழியிலேயே புள்ள பொறந்துச்சு, தூக்குனது நாங்க, முருகன் கொஞ்சம் பொறுத்துக்குவாருன்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன். அண்ணன் மூணு நாளு என்கூடப் பேசல. ஞாயித்துக்கெழம பாத்தா எல்லாருக்கும் முன்னாடி மண்வெட்டியோட நிக்கிறாரு. பாதை போட அடுத்த வருசம் அடுத்த வருசம்னு சொல்லிட்டு இருந்த தோட்டத்துத் துரையும் நாங்களே வெட்டுறதப் பாத்து ரெண்டு லோரி கல்லு அனுப்பினாரு.

ஒண்ணு உங்கிட்ட மறைச்சிருக்கேன்மா. அப்பா ஆஸ்பத்திரியில தூக்கத்துலயே போயிட்டாருன்னு எழுதினேன்ல, அது பொய். அவரு ஆஸ்பத்திரியப் பாக்கவே இல்ல. மழையில அந்தப் பாதையில அவரத் தூக்கிட்டு இறங்குனவங்க நாலு பேரும் வழுக்கி பாதி வழியில தண்ணித் தொட்டிக்கிட்ட நின்னுட்டாங்க, அங்கேயே என் கையப் புடிச்சபடி போயிட்டாரு. கீழ ரோட்டுல சாப்பாட்டுக்கடை நூர்தீன் பாய் லோரியோட காத்துக்கிட்டு இருந்தாரு. உனக்குப் பரீட்சை நேரம், சொல்ல மனசு வரல. இப்பவும் எழுதுறப்ப அழுகை வருது.

பாதையில அப்பா பேரு எழுதல. ஆனா நூர்தீன் பாய் இப்ப வேன்ல வர்றப்பல்லாம் தண்ணித் தொட்டிக்கிட்ட ஒரு தடவ ஹாரன் அடிக்கிறாரு. ஏன்னு நான் கேக்கல.

நல்லா இரும்மா, முருகன் உன்னக் காப்பாத்துவாரு. கம்பளிச் சட்டையப் பொட்டியில பூட்டி வைக்காம போட்டுக்க. மணி அடுத்த வருசம் கண்டிப்பா வாங்குறேன், சாமிக்குச் சொல்லி வச்சிருக்கேன்.

உன் அம்மா
ருக்குமணி