இந்தியாவுக்கு வந்த நாள்

எழுத எழுதக் கண்ணாடி வளையல்கள் மேஜையில் இடிக்கின்றன. நேற்று பெரியப்பா வீட்டு வளைகாப்பில் போட்டு அனுப்பியவை. கழற்றி வைத்துவிட்டு எழுதலாம்தான். ஆனால் இந்தச் சத்தம்தான் உனக்கு எழுது என்று நேற்றிலிருந்து என்னைப் பிடுங்குகிறது.

வளை போட்டுக்கொள்ள வேண்டிய அண்ணி, பெரியப்பா மகன் ரகு அண்ணனின் மனைவி, நியூ ஜெர்ஸியில் இருக்கிறாள். சேலையூர் வீட்டில் மணை போட்டு, அதன்மேல் நாற்காலி போட்டு, நாற்காலியில் லேப்டாப்பை உட்கார வைத்திருந்தார்கள். யாரோ ஆர்வத்தில் அதற்கு மாலையும் போட்டுவிட்டார்கள். பெரியம்மா அலறினாள்: "எடுங்கடி அதை! படத்துக்குப் போட்டா மாதிரி இருக்கு!" திரைக்குள் அண்ணி கன்னத்தில் சந்தனம் இல்லாமல், அங்கே அப்போதுதான் விடிந்த முகத்துடன் சிரித்தாள். நீ இருந்திருந்தால் சமையலறைக்குள் ஓடிப்போய்ச் சிரித்திருப்பாய்.

அப்புறம் சாப்பாடு. புளிசாதமும் தயிர்சாதமும் தட்டில் இருக்க, பெரியப்பா அமெரிக்க விஷயத்தை ஆரம்பித்தார். வேலை விசாவில் இருப்பவர்களுக்கு அங்கே குழந்தை பிறந்தால் இனி அந்த நாட்டுக் குடியுரிமை தானாகக் கிடைக்காது என்று ஓர் ஆணை, அதன்மேல் வழக்கு, வாய்தா. அவருக்கு எல்லாம் மனப்பாடம்.

"நீயே சொல்லும்மா, படிச்சவ. அந்த மண்ணுல பொறக்கற குழந்தை அந்த மண்ணோடதுதானே? அப்பா அம்மா எந்த விசாவுல இருந்தா அதுக்கென்ன? அது என்ன தப்பு பண்ணுச்சு? பொறந்த குழந்தைய நீ எந்த ஊருன்னு கேக்கறவன் மனுஷனா?"

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தவறில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நாம் இரண்டு பேரும் தாம்பரத்தில் ஒரே ஆஸ்பத்திரியில், பதினோரு நாள் இடைவெளியில் பிறந்தவர்கள். ஆறாம் வகுப்பில் டீச்சர் பிறப்புச் சான்றிதழ்களை வாங்கி அடுக்கியபோதுதான் அது தெரிந்தது. ஒரே கையெழுத்து, ஒரே நீல முத்திரை. அன்றிலிருந்து நீ எனக்கு மூத்தவள். "பதினோரு நாளு முன்னாடியே தாம்பரத்த பாத்தவடி நானு, மரியாத குடு" என்பாய். பள்ளிக்கூடத்தில் உன் பேச்சு முழுக்க இன்னாவும் கீதும்தான். பீர்க்கன்கரணையில் உன் வீட்டு வாசற்படியைத் தாண்டியதும் யாழ்ப்பாணத் தமிழுக்கு மாறிவிடுவாய். நடுவில் ஒரு மூச்சுகூட எடுக்க மாட்டாய்.

உன் அம்மாவும் அப்பாவும் படகில் வந்தவர்கள். முகாமில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, வெளியே வாடகைக்குக் குடிவந்தவர்கள். முகாமுக்கு வெளியே இருக்கும் அகதிகள் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். பதினெட்டு வயதானதும் உனக்கும் தனிப் பதிவு என்றார்கள். துணைக்கு நானும் வந்தேன். பெஞ்சில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஏட்டு படிவத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"இந்தியாவுக்கு எப்ப வந்த?"

"பொறந்தப்ப சார்."

"எது வழியா?"

"எங்கம்மா வழியா சார்."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நக்கலு! இத பாரும்மா, வந்த தேதின்னு ஒரு கட்டம் கீது. அத்த காலியா வுட்டா மேல திட்டுவாங்க. உங்கம்மா எப்ப வந்தாங்க, அந்தத் தேதிய சொல்லு." நீ சொன்னாய். அவர் எழுதினார். கெட்ட மனிதரில்லை, நமக்கு டீ கூடச் சொல்லப் பார்த்தார்.

வெளியே வந்ததும் என் தோளில் தொங்கிக்கொண்டு சொன்னாய்: "பொறக்கறதுக்கு ரெண்டு வருசம் முன்னாடியே வந்துட்டேன்டி. இன்னா ஸ்பீடு பாத்தியா!" ரயில்வே மேம்பாலம் வரைக்கும் சிரித்துக்கொண்டே நடந்தோம்.

சட்டத்தை அப்புறம்தான் படித்தேன். எண்பத்தேழாம் வருடத்தின் நடுப்பகுதி வரை இந்த நாட்டில் பிறந்தவர்கள், பெற்றோர் யாராக இருந்தாலும் குடிமக்கள். அதற்குப் பின் பிறந்தவருக்கு அப்பாவோ அம்மாவோ இந்தியராக இருக்க வேண்டும். தொண்ணூறுகளில் பிறந்த நீ அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்துவிட்டாய். காகிதத்தில் உன் பெயர் சட்டவிரோதக் குடியேறி. எந்த எல்லையையும் தாண்டாதவள் நீ. திருப்பதிக்குக்கூடப் போனதில்லை, அனுமதி வாங்க வேண்டும் என்பதால்.

பி.காம். முடித்தாய். அரசுத் தேர்வு எழுத முடியாது. கம்பெனிகள் முகவரியும் அடையாளமும் சரிபார்க்க ஆரம்பித்ததும் வேலை நின்றுவிடும். கடைசியில் சேலையூர் கேம்ப் ரோடு முனையில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தாய். செய்த வேலை என்ன? மற்றவர்களுக்குப் பாஸ்போர்ட் விண்ணப்பம் நிரப்புவது. குடியுரிமை எவ்வழியில் என்று அதில் ஒரு கேள்வி உண்டு. ஒருநாள் உன் பின்னால் நின்று பார்த்தேன். வந்தவரிடம் கேட்காமலே 'பிறப்பால்' என்று தட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டாய்.

"கேக்க மாட்டியா?"

"இதுக்கு இன்னாத்துக்கு கேக்கணும்? மூஞ்சிலயே எழுதிக்கீது பாரு."

ரகு அண்ணனின் பாஸ்போர்ட்டும் நீ நிரப்பியதுதான். அவன் விசா படிவமும் உன் விரலால் போனதுதான். விசா வந்த அன்று பெரியப்பா இனிப்புப் பெட்டியோடு கடைக்கே வந்தாரே. "ராசியான கைம்மா உனக்கு" என்றாரே. அந்தக் கைக்குத் தன் படிவத்தை நிரப்ப உரிமை இல்லை என்று அவருக்குத் தெரியும்.

பிறகு ஒரு வக்கீல் சொன்னார், குடியுரிமை கேட்டு மனு போட்டுப் பார்க்கலாம், உறுதியில்லை, ஆனால் போடலாம் என்று. உனக்கு அதுவே போதுமாக இருந்தது. முதல் தடவை கோப்பைப் பார்த்த அலுவலர் உன் இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "பிறந்தது ஒரு தேதி. இந்தியாவுக்கு வந்தது அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி. இதுல எதும்மா பொய்?" ஏட்டு அன்று காலியாக விட மனமில்லாமல் எழுதிய அந்தத் தேதி, உன்னைப் பொய்க்காரியாக்கிவிட்டது. சின்ன வயதிலிருந்து உன்னை அறிந்த இந்தியக் குடிமக்கள் இரண்டு பேர், இவள் இங்கேதான் பிறந்தாள், இங்கேதான் வளர்ந்தாள், நல்லவள் என்று உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால் மனுவுக்குப் பலம் என்றார் வக்கீல்.

ஒரு கையெழுத்து நான். இரண்டாவதற்கு நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன்: "பெரியப்பா போடுவார். ரிடையர்ட் பேங்க் ஆபீசர், அவர் கையெழுத்துன்னா மதிப்பாங்க." பதினோரு வயதிலிருந்து அவர் வீட்டுக் கூடத்தில் சாப்பிட்டு வளர்ந்தவள் நீ. எனக்குச் சந்தேகமே இல்லை.

மூன்று வாரம் பத்திரம் அவர் அலமாரியில் இருந்தது. அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நல்ல பொண்ணு, யாரு இல்லைன்னா? ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல. வந்தவங்களுக்கெல்லாம் குடுத்துட்டா நாடு என்னத்துக்கு ஆகும்? அதோட ரகுவுக்கு அங்க கிரீன் கார்டு ஃபைல் மூவ் ஆயிட்டிருக்கு. இந்த நேரத்துல போலீசு, அகதின்னு நம்ம பேரு எங்கயாவது ஏறிச்சுன்னா? வேற யாராவது கிடைப்பாங்கம்மா."

"அவ வரல பெரியப்பா. இங்கதான் பொறந்தா."

"அதெல்லாம் உணர்ச்சிவசமா பேசறது."

பத்திரத்தை மடித்து என் கையில் கொடுத்தார்.

நான் என்ன செய்தேன்? உன்னிடம் வந்து, அவர் கோயம்புத்தூர் போயிருக்கிறார் என்றேன். ஒரு மாதம் கழித்துக் கேட்டாய். இன்னும் வரவில்லை என்றேன். பிறகு கண்ணுக்கு ஆபரேஷன் என்றேன். குடும்ப மானம் என்று நினைத்தேனோ, உன் முகத்தைப் பார்க்கப் பயந்தேனோ தெரியாது. உண்மையைச் சொல்லியிருந்தால் அன்று மாலையே நம் பழைய டீச்சரிடம் போயிருப்பாய். சொல்லவில்லை. நான்கு மாதம் உன்னைக் காக்க வைத்தேன்.

அந்த மழைக்காலத்தில் உன் தெருவில் ஏரித் தண்ணீர் ஏறியது. தண்ணீர் வடிந்ததும் காய்ச்சல். டெங்கு என்று தெரிவதற்குள் மூன்று நாள், அப்புறம் இரண்டு நாள். அந்தக் கையெழுத்து உன்னைக் காப்பாற்றியிருக்காது. குடியுரிமையைக்கூட வாங்கிக் கொடுத்திருக்காது. அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஆறவில்லை.

இதை உனக்குச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். நீ போன பிறகு உன் பதிவை நீக்க வேண்டும் என்று காவல் நிலையத்திலிருந்து ஆள் வந்தது. உன் அம்மாவை நான்தான் கூட்டிப் போனேன். ஏட்டு மாறியிருந்தார், பதிவேடு மாறவில்லை. இறப்புச் சான்றிதழைப் பார்த்தார், பக்கத்தைப் புரட்டினார், செத்தவர்களுக்கென்று அதில் கட்டம் எதுவும் இல்லை போலிருக்கிறது. இந்தியாவை விட்டுச் சென்ற நாள் என்றிருந்த இடத்தில் நீ இறந்த தேதியை எழுதினார். எந்த வழியாக என்ற இடத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஒரு கோடு போட்டார்.

உன் அம்மா கேட்டார்: "முடிஞ்சுதோ ஐயா?"

"முடிஞ்சிருச்சும்மா. நீங்க கிளம்பலாம்."

அதனால்தான் நேற்று புளிசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நான் பெரியப்பாவிடம் சொன்னேன். நீங்கள் சொல்வது சரிதான், அங்கே பிறக்கப்போகும் குழந்தை அந்த மண்ணுடையதுதான், அதற்காக எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். பிறகு, தாம்பரத்தில் பிறந்தவளுக்கு மட்டும் நீங்கள் ஏன் போடவில்லை என்று கேட்டேன். லேப்டாப்பில் ரகு அண்ணன், "யாரு? என்ன கையெழுத்து?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது.

"அது வேற, இது வேற" என்றார் பெரியப்பா.

"எப்படி?"

"நல்ல நாளும் அதுவுமா..." என்று பெரியம்மா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். அது எப்படி வேறு என்று ஒருவராவது சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

இன்று காலை உன் அம்மாவிடம் போனேன். ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார். பெரியப்பா கோயம்புத்தூர் போகவில்லை, கண் ஆபரேஷனும் இல்லை, மாட்டேன் என்றார், நான்தான் மறைத்தேன் என்று சொன்னேன். மிஷினை நிறுத்தாமல் சொன்னார்:

"அவளுக்குத் தெரியும் பிள்ளை."

எனக்குப் புரியவில்லை.

"நீ கோயம்புத்தூர் எண்டு சொன்ன அடுத்த நாளே, உன்ர பெரியப்பா அவளின்ர கடையில வந்து எதையோ பிரதி எடுத்தவர். இவள்தான் எடுத்துக் குடுத்தவள். அவரும் ஒண்டும் சொல்லேல்ல, இவளும் கேக்கேல்ல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நான் கேட்டனான். 'பாவம் அவள், வீட்டுக்கும் எனக்கும் நடுவில மாட்டிட்டாள், விடுங்கோ அம்மா' எண்டவள்."

விடுங்கோ. யாரையெல்லாம் விட்டாய் நீ! ஏட்டை விட்டாய், எது பொய் என்று கேட்ட அலுவலரை விட்டாய், எதிரே நின்று பிரதி வாங்கிப் போன பெரியப்பாவை விட்டாய். நான் ஒவ்வொரு மாதமும் புதுப்பொய்யோடு வந்து நின்றபோது டீ வாங்கிக் கொடுத்தாய். கேம்ப் ரோடு நடுவில் நிறுத்தி என்னைக் காறித் துப்பியிருக்கலாம். உன் பெருந்தன்மையில் நாங்கள் எல்லோரும் சௌகரியமாக இருந்தோம். இந்த மன்னிப்பு எனக்கு வேண்டாம். கேட்காமல் கொடுத்துவிட்டுப் போனாய், திருப்பிக் கொடுக்கவும் ஆள் இல்லை. உன்மேல் எனக்கு இருக்கும் கோபம் இது ஒன்றுதான், ஆனால் அது பெரியது.

கிளம்பும்போது உன் அம்மா ஒன்று சொன்னார். பெருங்களத்தூரில் ஒரு பெண், நர்ஸ் படிப்பு முடித்திருக்கிறாளாம். அவளும் தாம்பரத்தில் பிறந்தவள்தான், இப்போது மனு போடுகிறாளாம், இரண்டு கையெழுத்து வேண்டுமாம். சிறு வயதிலிருந்து அவளை எனக்குத் தெரியாது. என்னால் உறுதி சொல்ல முடியாது. தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், அவள் வகுப்புத் தோழிகளின் அப்பாக்கள், அவள் ஊசி போட்டுவிட்ட அக்கம்பக்கத்தார். அவளோடு அந்த வீட்டு வாசல்களில் எல்லாம் ஏறி நிற்பதாகச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆரம்பிக்கிறோம். மாட்டேன் என்கிறவரிடம், ஏன் என்று கேட்பேன். பதில் வரும்வரை வாசலிலேயே நிற்பேன். இந்தத் தடவை யாரையும் நான் கோயம்புத்தூருக்கு அனுப்பப்போவதில்லை.