வெள்ளிப் பட்டு இலைச் செடி

ஆபா, இன்று காலை உலர்செடி அலமாரியைத் திறந்ததும் ரசகற்பூர உருண்டைகளின் நெடி மூக்கில் ஏறியது. செடிகள் ஒட்டிய, பூச்சி அரித்த தாள்களைப் பிரித்துக்கொண்டே வந்தேன். கட்டின் அடியில் உங்கள் செடி இருந்தது. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் மூத்த சகோதரியை அழைக்கும் அந்தச் சொல்லாலேயே, உங்களோடு ஒரே கல்லூரியில் தாவரவியல் கற்பித்த நானும் உங்களை அழைத்தேன். நீங்கள் போன பிறகு அப்படி அழைக்க எனக்கு யாரும் இல்லை.

அது நம் ஊர் விஷ்ணுகிராந்திக்கு உறவான செடி. ஆனால் தரையில் படராது, குத்தாக நிற்கும். அடித்தண்டு கட்டையாயிருக்கும். கிளைகள் முள்ளாக முடியும். குறுகிய இலைகளின் மேல் வெள்ளிப் பட்டுபோல ரோமம். பூ சிறு புனல் வடிவில், வெளுத்த ரோஜா நிறத்தில். பாரசீகம், பலுசிஸ்தானம், சிந்து, ராஜபுதனத்தின் மேற்கு ஓரம் என்று புத்தகங்கள் அதன் இருப்பிடத்தைச் சொல்லி அங்கேயே நிறுத்திவிடும். நீங்களோ அதைத் திருவான்மியூர்க் கடற்கரையில் கண்டதாகச் சொன்னீர்கள்.

துறை முழுக்க உங்களைப் பாராட்டியது. கல்லூரிச் சங்கக் கூட்டத்தில் நீங்கள் அதைப் பற்றிப் பேசுவதாக ஏற்பாடாயிற்று. எனக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. வேரில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டி உருப்பெருக்கியில் பார்த்தேன். கடற்கரை மணல் என்றால் கிளிஞ்சல் தூள் இருக்க வேண்டும். ஒரு துணுக்குகூட இல்லை. செம்மண்ணும் செங்கல் பொடியும்தான்.

"அந்த இடத்தை எனக்கும் காட்டுங்களேன், ஆபா" என்றேன். இரண்டு வாரம் தட்டிக் கழித்தீர்கள். ஒரு நாள் தலைவலி, ஒரு நாள் வண்டி கிடைக்கவில்லை. கடைசியில் நானே ஜட்கா வண்டி பேசிக்கொண்டு வந்து உங்கள் வாசலில் நின்றேன்.

அடையாற்றுப் பாலத்தைத் தாண்டிப் போனோம். கரையில் கண்ணுக்கெட்டிய தூரம் அடம்புக்கொடி ஊதாவாகப் பூத்திருந்தது. நீங்கள் எதையும் தேடவில்லை. மணலில் உட்கார்ந்து கடலைப் பார்த்தீர்கள்.

"இங்க இல்லை. உனக்குத் தெரிஞ்சுபோச்சு, இல்ல?"

"மண்ணைப் பார்த்தேன்."

"வா, காட்டறேன்."

அதே ஜட்காவில் ராயப்பேட்டைக்குப் போனோம். உங்கள் சாச்சா, அப்பாவின் தம்பி, கராச்சியிலிருந்து பேரீச்சம்பழம் தருவித்து விற்பவர். அவருடைய கிடங்குக்குப் பின்னால், பழம் சுற்றி வந்த கிழிந்த ஓலைப் பாய்கள் குவிந்திருந்தன. அவற்றுக்கு நடுவே இடிந்த செங்கல் சுவரோரம் மூன்று செடிகள். கிடங்குக் காவல்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, இந்த முள்ளைப் பாக்கவா வண்டி கட்டிக்கினு வந்தீங்க? நான் புடுங்கிப் போட இருந்தேன். இந்தம்மாதான் தினம் வந்து குந்திக்கினு பாத்துக்கினு கீது."

அவர் போன பிறகு கேட்டேன். "இதையே சொல்லியிருக்கலாமே? ஏன் திருவான்மியூர்?"

உங்கள் முகம் இறுகியது. "எங்க தாத்தாவோட தாத்தா இந்தப் பட்டணத்துல பொறந்தவர். இன்னும் என்னை 'நீங்க எந்த ஊர்லேருந்து வந்தவங்க'ன்னுதான் கேக்கறாங்க. இதுவும் எங்க சரக்கோட வந்ததுன்னு சொன்னா, செடின்னு பாப்பாங்களா, குப்பைன்னு பாப்பாங்களா?"

ஆனாலும் சொன்னேன்: "கூட்டத்துல கடற்கரைன்னு சொன்னேள்னா, நான் எழுந்து நிப்பேன்."

கூட்டத்தன்று உங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி நிமிஷம்வரை எனக்கு உங்கள்மேல் நம்பிக்கை இல்லை. நீங்கள் எழுந்து, முன்பு திருவான்மியூர் என்று சொன்னது பொய் என்றீர்கள். ராயப்பேட்டைக் கிடங்கு, ஓலைப் பாய், செங்கல் சுவர் எல்லாவற்றையும் அடுக்கினீர்கள். முன்வரிசையில் ஒருவர், "அப்படியானால் இது நம் செடி இல்லையே" என்று சிரித்தார்.

"விதை எங்கிருந்தோ வந்தது. முளைத்தது இங்கேதான்" என்றீர்கள். உட்காரவில்லை. அவர் சிரித்து முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தீர்கள்.

அந்த ஆண்டு அடைமழை கிடங்கின் மூன்று செடிகளையும் அழுகவைத்தது. மறு ஆண்டு மணமாகி ஐதராபாத் போனீர்கள். காய்ச்சலில் நீங்கள் போய்விட்ட செய்தி ஒரு தந்தியில் வந்தது.

கூட்டம் முடிந்து டிராமில் திரும்பும்போது நீங்கள் கேட்டது நினைவிருக்கிறது. "மண்ணைப் பாக்கணும்னு உனக்கு எப்படித் தோணுச்சு?"

"முதல் நாள் செடியை எடுத்துக் காட்டினப்போ உங்க கை நடுங்கிண்டிருந்தது. திருட்டுக் கைதான் அப்படி நடுங்கும்னு நினைச்சேன்."

பக்கத்து இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தீர்கள். "அசடே! அன்னிக்கு விடியக்காலம்தான் அது முதல் பூ விட்டுச்சு. நான் சந்தோஷத்துல அழுதுட்டு வந்திருந்தேன்."

இப்போதும் நான் சந்தேகக்காரிதான், ஆபா. மாணவிகள் கொண்டுவரும் செடிகளின் வேர் மண்ணைத் தட்டிப் பார்க்காமல் தாளில் ஒட்ட விடுவதில்லை. ஆனால் யாருடைய கையாவது நடுங்கினால், அதைப் பார்த்து எதையும் முடிவு செய்வதில்லை. என்ன ஆயிற்று என்று முதலில் கேட்டுவிடுகிறேன்.